விடியற்காலை ஐந்து மணிக்குப் பாடம் கேட்பவர்

திருச்செங்கோடு,
செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.

மரியாதைக்குரிய மச்சான் செங்கோட்டையன் அவர்களுக்கு, உங்கள் தங்கை சாரதாமணியைக் கட்டிய குற்றத்துக்காக இருபத்தாறு வருஷமாக உங்கள் கேலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் வரலாற்றுத் துறை கதிர்வேல் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் சாரதாமணியும் சுகம். என் கண் இரண்டும் மட்டும் சுகமில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். அங்கே உங்கள் சுகமும், பொன்னாத்தாள் அக்காவின் முழங்கால் சுகமும், மூன்று ஷெட்டிலும் உள்ள பதினெட்டாயிரம் கோழிகளின் சுகமும் அறிய விரும்புகிறேன். போனில் சொன்னால் ஆகாதா, எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நான் 'ஆகவே' என்று ஆரம்பித்ததுமே, 'மாப்ள, தீவன வண்டி வந்துருச்சுங்க, பொறவு பேசறேன்' என்று வைத்துவிடுகிறீர்கள். நான் பேசும்போது மட்டும் வந்த தீவனத்தைத் தின்றிருந்தாலே உங்கள் கோழியெல்லாம் இந்நேரம் யானையாகியிருக்கும். அதனால் காகிதத்தில் எழுதி, நாளைக் காலை எங்கள் தெருக் கடைக்கு முட்டை இறக்க வரும் உங்கள் பண்ணை வண்டியிலேயே, டிரைவர் கலையரசன் கையில் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தை யாரும் நடுவில் துண்டிக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். மச்சான், எனக்குப் பரிசு! வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில், இந்த வருஷத்தின் சிறந்த டிஜிட்டல் ஆசிரியர் என்று மேடைக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுக்கப்போகிறார்கள். கெமிஸ்ட்ரிக்கு இல்லை, கம்ப்யூட்டர் துறைக்கு இல்லை, போனில் அலாரம் வைக்கத் தெரியாத இந்தக் கதிர்வேலுக்கு! நேற்று முதல்வர் அறையில் இதைச் சொன்னபோது நாற்காலியில் உட்காரப்போய்ப் பக்கத்திலிருந்த பூந்தொட்டியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் அக்காவும் முன்வரிசையில் இருக்க வேண்டும். முக்கியமாக நீங்கள். போன ஆவணியில் ஈரோட்டுக் கல்யாணத்தில், பந்தியில் நாற்பது பேர் முன்னால், 'எங்க மாப்ள பாடம் நடத்துனா கோழிகூடத் தூங்கிருமுங்க' என்று சொல்லி இலை போட்டவர் வரைக்கும் சிரிக்கவைத்தீர்களே, அந்த வாயோடு வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். எனக்கு அது போதும்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் இந்தப் பரிசின் கனம் உங்களுக்குப் புரியும். ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் எங்கள் தாளாளர் ஒரு ஆப் வாங்கினார். பத்து ரிக் வண்டி வைத்துப் போர்வெல் போடுகிறவர், வண்டி வடக்கே போனாலும் தெற்கே போனாலும் சாமியிடம் பூக்கேட்காமல் கிளப்பமாட்டார். ஆப்புக்கும் கேட்டார். கம்ப்யூட்டர் அறையில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். எங்கள் முதல்வர் டாக்டர் உண்ணாமலை அம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தால் வெள்ளை. உத்தரவு கிடைத்துவிட்டது! அன்று முதல் ஒவ்வொரு ஆசிரியரும் பாடத்தைப் போனில் பேசிப் பதிந்து ஆப்பில் ஏற்ற வேண்டும், பிள்ளைகள் வீட்டிலிருந்தே கேட்க வேண்டும், எந்தப் பாடத்தை எத்தனை நிமிஷம் கேட்டார்கள் என்று ஆப் எண்ணிக்கொண்டே இருக்கும், வாராவாரம் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறும். கம்ப்யூட்டர் துறைத் தம்பி சந்தோஷ்குமார் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். "சார், ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. பேச ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாதுங்க. நிறுத்துனா அழிஞ்சிரும், மறுக்கா மொதல்ல இருந்து பேசோணும்" என்றார். இருபத்தொன்பது வருஷமாக மணி அடித்த பின்னும் நிறுத்தாதவன் நான், என்னிடம் போய் இதைச் சொல்கிறார்.

ஆனால் எங்கே உட்கார்ந்து பேசுவது? வீட்டுக்கு இந்தப் பக்கம் விசைத்தறி, அந்தப் பக்கம் வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ், உள்ளே உங்கள் தங்கையின் குக்கர். முதல் பாடத்தில் அசோகர் போரைத் துறக்கும் இடத்தில் சரியாக மூன்று விசில். கடைசியில் எதிர்வீட்டுக்காரர் மழைக்காலம் என்று நிறுத்திவைத்திருந்த ரிக் லாரிதான் கைகொடுத்தது. கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னால் டிரைவர் படுக்கிற பலகை இருக்கிறதே, அதில் ஏறித் திரையை இழுத்துவிட்டால் கல்லறை மாதிரி அமைதி. அங்கே சம்மணம் போட்டுத்தான் முப்பத்திரண்டு பாடத்தையும் பேசி முடித்தேன். பதினோராம் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது டிரைவர் வந்து, திரைக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியாமல் வண்டியை எடுத்துவிட்டார். நிறுத்தினால் அழிந்துவிடுமே! நான் பேசிக்கொண்டே போனேன். எஞ்சின் இரைச்சலில் அவருக்கு என் சத்தம் கேட்கவில்லை. சங்ககிரி லாரிப் பட்டறையில் எஞ்சினை அணைத்தார் பாருங்கள், அந்த அமைதியில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, "ஆகவே, மாணவச் செல்வங்களே, அழியாதது எது?" என்று என் குரல் வந்திருக்கிறது. மனுஷன் கதவைத் திறக்காமலே ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டார். அவருக்கு மந்திரித்த செலவு என்னுடையது. ஆனால் பாடம் முழுசாகப் பதிவாகிவிட்டது, லாரிச் சத்தத்தோடு.

இவ்வளவு பாடுபட்டு ஏற்றினால், மார்கழியில் முதல்வர் கூப்பிட்டனுப்பினார். "கதிர்வேல் சார், உங்க முப்பத்திரண்டு பாடத்துக்கும் சேர்த்து நாப்பத்தியொரு பார்வைங்க. அதுல இருபத்தாறு உங்க போன்ல இருந்தே வந்திருக்குது."

"சரியா வந்திருக்குதான்னு பாத்தேனுங்கம்மா."

"மிச்சத்துல ஒம்போது உங்க ஊட்டுக்காரம்மா போனு."

அது சாரதாமணி தூசி தட்டும்போது விரல் பட்டு ஓடியது. அதை நான் சொல்லவில்லை. முதல்வர் நல்லவர்தான், ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். வரலாறு படிக்க ஆள் வருவதில்லை, ரெண்டாம் வருஷத்தில் இருப்பதே ஒன்பது பேர், ஆப்பிலும் கேட்க ஆள் இல்லை, அடுத்த வருஷம் முதலாண்டு வரலாறு வேண்டாம் என்று தாளாளர் முடிவு செய்துவிட்டாராம். எனக்கு ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதே, அதுவரை அட்மிஷன் வேலை. அட்மிஷன் வேலை என்றால் உங்களுக்குத் தெரியாது மச்சான். சித்திரை வெயிலில் காலேஜ் காரில் ஏற்றி ஜலகண்டாபுரம், மல்லசமுத்திரம் என்று ஊர் ஊராக இறக்கிவிடுவார்கள். ப்ளஸ் டூ முடித்த பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரித்துப் போய் வாசலில் நின்று, நாய் குரைக்கக் குரைக்க, நோட்டீஸை நீட்ட வேண்டும். அவர்கள் உங்களைச் சீட்டுக் கம்பெனிக்காரன் என்று நினைத்துத் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. நம் கருப்பணார் சாமி மேல் சத்தியமாகச் சொல்கிறேன், பாடம் நடத்திய இந்தக் கையால் எந்தக் காலத்திலும் எவருக்கும் அட்மிஷன் நோட்டீஸ் நீட்டமாட்டேன். வேலையை வேண்டுமானால் விட்டுவிடுவேன். முதல்வர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைசியில் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். "ஒருத்தர், ஒரே ஒருத்தர் உங்க முப்பத்திரண்டு பாடத்தையும் முழுசாக் கேட்டிருக்காங்கன்னு ஆண்டு விழாவுக்குள்ள காட்டுங்க சார். தாளாளர்கிட்ட நான் பேசறேன்."

ஒருத்தர்! இருபத்தொன்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு நடத்தியிருக்கிறேன். முழுசாகக் கேட்ட ஒருத்தர் பெயரை யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயரும் வரவில்லை. இதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்த வெறியில்தான் பொங்கல் நோம்பிக்கு உங்கள் ஊட்டுக்கு வந்தபோது, யார் கையில் போன் இருந்தாலும் பிடுங்கி ஆப்பை ஏற்றினேன். உங்களுடைய அந்தக் கண்ணாடி உடைந்த பழைய போனில்கூட விருந்தினர் கணக்கில் போட்டுவிட்டேன். "சரிங்க மாப்ள, கேட்டுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுப் பக்கம் போனீர்கள். திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை.

தை மாதம் பாதி போயிருக்கும். ஒரு நாள் காலை ஆப்பைத் திறந்தால், நெட்டையாக ஒரு கோடு! முந்தின நாள் மட்டும் எண்ணூற்று நாற்பது நிமிஷம் என் பாடம் ஓடியிருக்கிறது. கணக்கில் கோளாறு என்று சந்தோஷ்குமாரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். "சார், கோளாறு இல்லீங்க. ஒரே போனு. வெடியக்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு ராத்திரி ஏழு வரைக்கும் ஒண்ணாம் பாடத்துல இருந்து முப்பத்திரண்டு வரைக்கும் வரிசையாக் கேட்டிருக்காங்க!" யார் என்று கேட்டேன். பெயர் கொடுக்காமல் நுழைந்தவர் யாரென்று ஆப் காட்டாதாம். மறுநாளும் அதே அஞ்சு மணி. அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை உண்டா என்றால் உண்டு. எனக்கே என் குரலை இருபது நிமிஷத்துக்கு மேல் கேட்க முடியாது மச்சான், இந்தப் பிள்ளை நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் கேட்கிறது! நோட்டீஸ் போர்டில் அடியிலிருந்த என் பெயர் ஒரே வாரத்தில் உச்சிக்கு ஏறியது. கெமிஸ்ட்ரிக்காரர் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் பகலில் ரெண்டு மணி நேரம் கோடு படுத்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு உடம்புக்கு என்னவோ என்று நான் துடித்துப்போனேன். அன்றைக்குத்தான் உங்கள் பக்கம் கரண்ட் போய்க் கோழிக்குத் தண்ணீர் ஏற்ற முடியாமல் நீங்கள் பட்ட பாட்டை அக்கா போனில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. தவறாக நினைக்க வேண்டாம், அவரவருக்கு அவரவர் கவலை.

ஆப்பில் மாணவர் சந்தேகத்தைப் பேசி அனுப்பும் வசதி ஒன்றும் உண்டு. மாசிக் கடைசியில் அந்தப் போனிலிருந்து நாற்பது வினாடிப் பதிவு ஒன்று வந்தது. உடனே அழுத்தினேன். பேச்சு இல்லை, ஆயிரம் பேர் கூடி முணுமுணுக்கிற மாதிரி ஒரு சத்தம். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டுகூடப் படிக்கிறது பிள்ளை என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உங்கள் தங்கை மட்டும் தோசைக் கரண்டியோடு வந்து, "ஏனுங்க, இது எங்கியோ கேட்ட சத்தமாட்ட இருக்குதுங்க" என்றாள். உனக்கு எல்லாமே கேட்ட சத்தம்தான், போய்த் தோசையைப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

இனிமேல்தான் கண் கதை. அந்தப் பிள்ளை யார் என்று கண்டுபிடிக்காமல் எனக்குத் தூக்கமில்லை. என் வகுப்பில் இளம்பிள்ளையிலிருந்து பஸ்ஸில் வரும் அறிவுச்செல்வி என்ற பெண், வாய் திறந்து பேசாது. ஒரு திங்கட்கிழமை கண் ரெண்டும் ரத்தமாகச் சிவந்து வந்தது. எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. விடியற்காலை ஐந்து மணி முதல் போனைப் பார்த்தால் கண் சிவக்காமல் என்ன செய்யும்? சாரதாமணி, எதற்கும் பூக்கேட்டுப் பாருங்கள் என்றாள். கேட்டேன். சிவப்பு வந்தது. அந்த வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை, அது ரோஸ் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வகுப்பில் அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்தி, "எல்லாரும் பாருங்க! வரலாறு படிச்சுச் செவந்த கண்ணு!" என்றேன். "சார், அதுங்க..." என்று என்னமோ சொல்ல வந்தது. "அடக்கம் போதும், பேசாத சாமி" என்று தடுத்து, அதன் போனை வாங்கி, மூக்குக்கண்ணாடி கொண்டுபோகாததால் கண்ணுக்கு ஒட்ட வைத்து ஆப்பைத் தேடினேன். என் பேனாவையும் பரிசாகக் கொடுத்தேன். அடுத்த நாள் நாலு பேருக்குக் கண் சிவப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை, ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கு ஏற்றுவதுதானே படிப்பு! மூன்றாம் நாள் ஒன்பது பேருக்கும். நேரே முதல்வர் அறைக்கு ஓடி, "அம்மா, வகுப்பு மொத்தமும் கண்ணு செவக்கச் செவக்கப் படிக்குதுங்க!" என்று மேசையில் கையை ஊன்றினேன். அவர் நாற்காலியோடு சுவர் வரைக்கும் பின்னால் போய், "கதிர்வேல் சார், அங்கியே நில்லுங்க. மேசையைத் தொடாதீங்க. அது மெட்ராஸ் ஐ" என்றார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளவும்.

அப்புறம் வகுப்பிலேயே வெளிப்படையாகக் கேட்டுவிட்டேன். என் பாடம் முழுவதையும் கேட்ட மாணவர் யாரோ அவரை மேடையில் ஏற்றப்போகிறார்கள், கை தூக்குங்கள் என்றேன். பதினோரு பேர் தூக்கினார்கள். வகுப்பில் இருப்பதே ஒன்பது பேர். மேடையேறினால் பிரியாணி உண்டு என்று யாரோ சொன்னதைக் கேட்டு காமர்ஸிலிருந்து ரெண்டு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பதினோராம் பாடத்தில் பின்னணியில் கேட்பது என்ன சத்தம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். மழை என்றான் ஒருவன், கைதட்டல் என்றான் இன்னொருவன், உங்கள் மூச்சுங்களா சார் என்றாள் ஒருத்தி. ஒருத்தருக்கும் லாரி தெரியவில்லை. ஆக, ஆள் இவர்களில் இல்லை.

ஆனால் ஆள் இருக்கிறது மச்சான்! இந்த நிமிஷம் கூட, நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, எங்கேயோ ஒரு பிள்ளை என் இருபத்தெட்டாம் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை மேடையில் நான் கூப்பிடுவேன், கூட்டத்துக்குள்ளிருந்து அது எழுந்து வரும், வந்தே தீரும். வரலாறும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். பரிசுகூட எனக்குப் பெரிசில்லை. ராத்திரி படுத்தால், நாளைக் காலை அஞ்சு மணிக்கு ஒருத்தர் என் பாடத்துக்காக எழுந்திருப்பார் என்று நினைக்கும்போது, முதல் வருஷம் வேலைக்குச் சேர்ந்தவன் மாதிரி எனக்கு மனசு துள்ளுகிறது. இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கேலி செய்தாலும் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது.

ஆகவே வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கெல்லாம் குடும்பத்தோடு வந்துவிடவும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அக்காவுக்குப் படியேறாமல் உட்கார நாற்காலி சொல்லிவைத்திருக்கிறேன். நம் கருப்பணார் உங்கள் பண்ணைக்கு நோய் நொடி அண்டாமல், முட்டைக்கு விலை இறங்காமல், அக்கா முழங்கால் மடங்கி நிமிரும்படி காப்பாராக. பெரியவர்களுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். சாரதாமணி உங்களைக் கேட்டதாகச் சொன்னாள், கூடவே உடையாத முட்டையாகப் பார்த்து அனுப்பச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை,
வி. கதிர்வேல்
(சிறந்த டிஜிட்டல் ஆசிரியர்)

பின்குறிப்பு, புதன்கிழமை காலை: கடிதத்தை ஒட்டிவிட்டேன். இப்போது பிரித்து இதை எழுதுகிறேன். கலையரசன் முட்டை அட்டையோடு வாசலுக்கு வந்தபோது, நான் போனில் பதினோராம் பாடத்தைப் போட்டு ரசித்துக்கொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டான்.

"ஏனுங்க சார், நம்ம கோழி வாத்தியாரு உங்க ஊட்டுலயும் பேசறாருங்களா?"

எந்த வாத்தியார் என்றேன்.

"அட, ரெண்டாம் நம்பர் ஷெட்டுல வெடியக்காலம் அஞ்சு மணிக்கே ஸ்பீக்கர்ல போட்டுருவாங்களே சார். மின்னாடி ரேடியோதானுங்க ஓடுச்சு. பாட்டுக்கு நடுவுல வெளம்பரம் வந்தாக் கோழி திடுக்குனு மெரண்டு றெக்கையடிக்குமுங்க, முட்டை கொறஞ்சு போச்சு. இந்தாளு பேசறது ஒரே மட்டமாப் போகுதுங்களா, ஏத்தமும் இல்லை எறக்கமும் இல்லை, ஆறாயிரம் கோழியும் அப்படியே சொக்கி நிக்குமுங்க. அதுலயும் இந்த லாரிச் சத்தத்தோட வருது பாருங்க, இதுக்கு ஒரு றெக்கைகூட ஆடாது."

மச்சான், மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். பந்தியில் நீங்கள் சொன்னது கேலி என்று நினைத்தேன், ஜோசியம் சொல்லியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை வர வேண்டாம், கேடயமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கலையரசன் அட்டையை இறக்கிவைத்துக்கொண்டே சொன்னான். "கோழிக்கு மட்டுமில்லீங்க சார், அங்க முட்டை பொறுக்கற அமுதவல்லியக்கா இதை நிறுத்துனாச் சண்டைக்கு வந்துரும். ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்குதுங்க, இந்த வாத்தியாரை எங்கியாவது பாத்தாக் கேக்கோணும்னு. நாலாம் பாடத்துல மேட்டூர் அணை முப்பத்திநாலுல முடிஞ்சுதுங்கறாரு, பத்தொம்பதாம் பாடத்துல நாப்பத்திமூணுங்கறாரு, இதுல எதைப் புடிச்சுக்கறதுன்னு."

உள்ளே ஓடி என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் பூத்த தாளில் என் கையெழுத்தில் நாற்பத்துமூன்று என்றுதான் இருக்கிறது. முப்பத்துநாலைத் திருப்பிப் போட்டு எழுதியிருக்கிறேன். இருபத்தொன்பது வருஷமாக அந்தத் தப்பைச் சொல்லிவந்திருக்கிறேன், ஒரு மாணவர், ஒரு ஆய்வுக் குழு, ஒரு முதல்வர், ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதற்கு மெட்ராஸ் ஐ காரணமில்லை.

இன்றைக்கே முதல்வரிடம் போய், ஆறாயிரம் கோழியும் ஒரு மனுஷியும் கேட்கிறார்கள் என்று உள்ளதைச் சொல்லிவிடப்போகிறேன். பரிசு போனால் போகட்டும். அவர் கேட்டது ஒருத்தரைத்தானே. போனை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பத்தொன்பதாம் பாடத்தைத் திருத்தி இன்று சாயங்காலமே ஏற்றிவிடுகிறேன், நாளை மத்தியானம் ஒரு மணி வாக்கில் வரும், கேட்கச் சொல்லுங்கள். கோழிகளை உத்தேசித்துக் குரலில் எந்த மாற்றமும் செய்யமாட்டேன். வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள், அமுதவல்லியைக் கூட்டிக்கொண்டு. முன்வரிசையில் உங்களுக்குச் சொல்லிவைத்த நாற்காலி அவளுக்கு. நீங்கள் பின்னால் எங்கேயாவது நில்லுங்கள்.

அவள் ப்ளஸ் டூ பாஸ் பண்ணியிருக்கிறாளாம், கலையரசன் சொன்னான். மேலே கருப்பணார் பெயரைச் சொல்லி நான் ஒரு சத்தியம் செய்திருக்கிறேன் அல்லவா, அந்த ஒரு வரியை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுங்கள். இத்துடன் எங்கள் கல்லூரி அட்மிஷன் நோட்டீஸ் ஒன்று மடித்து வைத்திருக்கிறேன். அவள் கையில் கொடுங்கள்.